நான் பார்க்கக் கூடாத திரை

எங்கள் ஆபீஸில் கம்ப்யூட்டர் கோளாறு என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நவி மும்பையில், வாஷியில் ஐந்தாவது மாடி. நான் போய் நின்றாலே பாதிக் கோளாறு ஓடிவிடும் என்று அங்கே ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே நான்தான் என்பது வேறு விஷயம். எனக்குப் பொறுமை கிடையாது. யாராவது, "நேத்து சாயங்காலம் டீ குடிச்சுட்டு வந்து உக்கார்ந்தேனா" என்று ஆரம்பித்தால், அவர்களை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியில் நானே உட்கார்ந்துவிடுவேன். பார்த்தால் போதும், கேட்கத் தேவையில்லை என்பது என் கட்சி. இருபது வருஷமாக அப்படியே காலம் தள்ளிவிட்டேன்.

பார்க்கவே கூடாது என்று ஒருவர் என்னிடம் சொன்னது ஒரே ஒரு தடவைதான். ஆள் பெயர், தெருப் பெயர் எதுவும் வரக் கூடாது என்ற நிபந்தனையோடு, சம்பந்தப்பட்ட பெண் இதை எழுதச் சம்மதம் தந்திருக்கிறார்.

ஆபீஸ் ஏசி பராமரிப்புக்கு மாதம் இரண்டு முறை ஒரு மெக்கானிக் வருவார். திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம் குடும்பம், பிறந்து வளர்ந்தது தாராவி. நான் மாட்டுங்காவில் வளர்ந்து செம்பூரில் குடியேறியவன், பூர்வீகம் பாலக்காடு. அந்த மாடியில் தமிழ் பேச எங்கள் இருவரை விட்டால் ஆள் கிடையாது. ஏணி மேல் நின்றபடி அவர் பேசும் தமிழைக் கேட்பதற்காகவே, நன்றாக ஓடுகிற ஏசி மேல் இரண்டு முறை புகார் எழுதியிருக்கிறேன். என்னுடைய 'ங்கோ'வை அவர் கிண்டல் செய்வார். அவருடைய 'கேக்கேன், பாக்கேன்'களை நான் திருப்பிச் சொல்வேன்.

ஒரு சனிக்கிழமை அவர் ஏணியில் ஏறாமல் நேராக என் மேஜைக்கு வந்தார்.

"சார், வீட்டுல கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுது. நாளைக்கு ஒரு எட்டு வரணும்."

"என்ன பண்றது?"

"எனக்கு என்ன தெரியும்? எம் பொஞ்சாதி வேலை பாக்குற மெஷினு. எங்க தொட்டாலும் டிங் டிங்னு சத்தம் போடுதாம். வேற ஒண்ணும் நகர மாட்டேங்குதாம்."

"வரேன். அஞ்சு நிமிஷ வேலை."

அவர் கழுத்தைத் தடவிக்கொண்டார். "ஒரு விஷயம் சார். நீங்க தாராளமா வரலாம். ஆனா ஸ்க்ரீனைப் பாக்கக் கூடாது."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. பிறகு விளக்கிச் சொன்னார். அவர்கள் கல்யாணங்களில் பெண்கள் பகுதி தனி. அங்கே படம் எடுப்பதும் ஒரு பெண்தான். அந்தப் படங்களை வாங்கி, நிறம் திருத்தி, பக்கம் பக்கமாக அடுக்கி ஆல்பமாக்குவது அவருடைய மனைவியின் தொழில். எந்த ஆணின் கண்ணிலும் படாது என்று வாக்குக் கொடுத்துத்தான் படங்களை வாங்குகிறார். பாண்டுப்பிலிருந்தும் சீத்தா கேம்பிலிருந்தும் அவரைத் தேடி வருவது அந்த ஒரு வாக்குக்காகத்தான். அந்த மெஷினில் இன்டர்நெட் கிடையாது, வேண்டுமென்றேதான். படம் திருத்தும் மென்பொருளும் பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முந்திய பதிப்பு. புதியதெல்லாம் அடிக்கடி இன்டர்நெட்டில் போய் ஆஜர் கொடுத்துவிட்டு வருமாம், அதனால் அது வேண்டாமாம்.

"தெரிஞ்ச பொம்பளைப் பிள்ளை யாரும் இல்லையா, கம்ப்யூட்டர் படிச்சவா?"

"ஒண்ணு இருக்கு சார். பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருக்கு. கல்யாணப் பொண்ணு வெள்ளிக்கிழமை கத்தாருக்கு ஃபிளைட் ஏறுது. அதுக்குள்ள ஆல்பம் கையில கொடுத்தாகணும். எம் பொஞ்சாதி ரெண்டு நாளா சோறு திங்கல."

நாடி பிடிக்காமல் வைத்தியம் பார்க்கச் சொன்ன மாதிரி இருந்தது. இருந்தாலும், முடியாது என்று சொல்ல என் பேர் இடம் கொடுக்கவில்லை.

ஞாயிறு மத்தியானம் போனேன். செங்குத்தான இரும்புப் படியில் ஏறினால் முதல் மாடியில் வீடு. ஒரே அறையை நடுவில் கனமான பச்சைத் திரைச்சீலை போட்டு இரண்டாக்கியிருந்தார்கள். உள்பக்கம் மனைவியின் கம்ப்யூட்டர். வெளிப்பக்கம் கட்டில், சுவரில் ஒரு பெரிய டிவி, எனக்காகப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலி. நாற்காலியின் முதுகு திரைச்சீலையைப் பார்த்து இருந்தது. டிவியில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. கணவர் சத்தத்தை மட்டும் குறைத்தார்.

"வாங்க சார்," என்று திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "டீ குடிச்சுட்டுப் பாக்கலாம்."

"நான்தான் பாக்கக் கூடாதே," என்றேன்.

உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. சோறு தின்னாதவர் சிரித்ததில் கணவருக்கும் முகம் கொஞ்சம் தெளிந்தது.

ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டது, இது என் தொழில் முறைக்கு நேர் எதிர் என்று. அந்தப் பெண்ணுக்கு ஆங்கிலம் எழுத்துக் கூட்டி வாசிக்க மட்டும் வரும். ஆனால் அந்த மென்பொருளை உள்ளங்கை மாதிரி வைத்திருந்தார். பெயர் தெரியாது, இடம் தெரியும்.

"மேல விண்டோன்னு ஒரு மெனு இருக்கும் பாருங்கோ," என்றேன்.

"வலது கைப் பக்கத்துல இருந்து ரெண்டாவதா? அதுக்குள்ள மேல இருந்து முதல் வரியில அம்புக்குறி இருக்கும். அதைத்தான சொல்லுதிய?"

நான் மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். சரியாகத்தான் சொன்னார். "அதேதான். தொறங்கோ."

டிங் என்றது.

"பக்கத்துல கிளிக் பண்ணுங்கோ."

டிங்.

"கலர் பெட்டி, அடுக்குப் பெட்டி எல்லாம் தெரியறதா?"

"எல்லாம் தெரியுது. தொட்டா டிங்குங்கு. பக்கம் அப்படியே உசுரோட நிக்கு. ஆனா என் பேச்சைக் கேக்க மாட்டேங்கு."

இந்தக் கோளாறு எனக்குப் பழக்கம். மென்பொருள் சின்னதாக ஒரு பெட்டியைத் திறந்து ஏதோ கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கிறது. அதற்குப் பதில் வராமல் வேறு எந்த வேலையும் பார்க்காது. கேள்விப் பெட்டி திரைக்கு வெளியே எங்கோ போய் நின்றுவிட்டால், கேட்டதும் நமக்குத் தெரியாது, பதில் சொல்லவும் வழியில்லை. ரேஷன் கடையில் முதலில் நிற்பவர் வாயைத் திறக்காமல் நின்றால் பின்னால் வரிசை எப்படி நகரும்? அதையே அவருக்கும் சொன்னேன்.

"அப்படியா சங்கதி," என்றார். "எவளோ ஒருத்தி முன்னால நிக்கா, நமக்குத்தான் கண்ணுக்குத் தெரியல."

"இதுக்கு ஏன் இவ்வளவு கவலை? மெஷினை அணைச்சுட்டுப் போடுங்கோ. சேவ் பண்ணின இடத்துலேர்ந்து திரும்ப ஆரம்பிக்கலாம்."

கணவர் தரையைப் பார்த்தார்.

"சேவ் பண்ணியிருக்கேள்தானே?"

"இல்ல சார்."

"கடைசியா எப்போ பண்ணினது?"

"பண்ணவே இல்ல. நாலு நாள் வேலை."

நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். ஆபீஸில் இருபது வருஷமாகக் கத்தும் கத்தல் அப்படியே வெளியே வந்தது. "நாலு நாளா சேவ் பண்ணாம ஒருத்தர் வேலை செய்வாளா? முதல் பாடமே அதுதானே! பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் பண்ணணும்னு குழந்தைக்குக் கூடத் தெரியும்!" கோபத்தில் உள்ளே போகத் திரும்பிவிட்டேன் போலிருக்கிறது. கணவர் மெல்ல என் தோளில் கை வைத்தார். திரும்பவும் உட்கார்ந்தேன்.

திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து அந்தப் பெண் பதறாமல் சொன்னார். "சேவ் பண்ணா மெஷின்ல ஒரு காப்பி கெடக்கும் சார். அழிச்சாலும் அடியில எங்கயாவது கெடக்கும், தெரிஞ்சவங்க தோண்டி எடுத்துருவாங்கன்னு சொல்லுதாங்க. நெசந்தான?"

நிஜம்தான். நானே அப்படி எத்தனையோ தோண்டி எடுத்திருக்கிறேன்.

"அதனால இந்த மெஷின்ல நான் எதையும் வைக்கிறதில்ல. பொண்ணோட உம்மா பென் டிரைவைக் கொண்டுவருவாங்க. நான் படத்தைத் தொறந்துக்கிடுவேன். அவங்க பென் டிரைவைத் திரும்ப எடுத்துட்டுப் போயிருவாங்க. பக்கம் முடிஞ்ச உடனே அவங்க முன்னாலயே பென் டிரைவுல போட்டுக் கொடுத்துட்டு இங்க மூடிருவேன். அதுவரைக்கும் தொறந்தே கெடக்கும்."

"கரண்ட் போனா?"

"இன்வெர்ட்டர் இருக்கு சார், பக்கா," என்றார் கணவர். அவர் கையால் மாட்டியதாம்.

எனக்குக் கோபம் இறங்கிவிட்டது. நான் கற்றுக்கொண்ட முதல் பாடமே இங்கே செல்லாது என்று ஆனது. முட்டாள்தனம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. வாக்கைக் காப்பாற்ற அவர் கண்டுபிடித்த வழி அது. அதில் ஒரே ஓட்டை, இப்போது நாங்கள் மாட்டிக்கொண்டிருந்த இடம்தான்.

"மத்த பக்கமெல்லாம் கொடுத்தாச்சு," என்றார். "இந்த ஒண்ணுதான் பாக்கி. இந்தப் பக்கம் இல்லாம ஆல்பமே வேண்டாம்னுட்டாங்க அந்த உம்மா. திரும்ப ஆரம்பிச்சா வெள்ளிக்கிழமைக்குள்ள முடியாது சார். என் கை அதே மாதிரி வருமோ என்னமோ."

ஒரு பக்கத்துக்கு நாலு நாளா என்று நினைத்தேன். நகைக்குப் பளபளப்பு ஏற்றியிருப்பார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். கேட்கவில்லை.

அணைக்க வழியில்லை என்றால், கேள்விப் பெட்டிக்குக் கண்ணை மூடிக்கொண்டுதான் பதில் சொல்ல வேண்டும். பெட்டியைத் திரைக்குள் இழுத்துவர ஒரு குறுக்கு வழி இருந்தது. அதற்கான பட்டன்களைச் சொன்னேன். அவர் அம்புக்குறியை அழுத்திக்கொண்டே இருந்தார். ஒன்றும் வரவில்லை. மிச்சம் இருந்தது ஒன்றுதான்.

"கீபோர்டுல இடது கைப் பக்கம் மேல் மூலையில ஒரு பட்டன் இருக்கும். அதை ஒரு தடவை அமுக்குங்கோ. எந்தக் கேள்வியா இருந்தாலும் 'ஒண்ணும் வேண்டாம், போ'ன்னு அர்த்தம்."

"அது உள்ள போயி ஒரு வருஷமாச்சு சார். எந்திரிக்கவே மாட்டேங்கு."

அதற்குப் பதிலாக எதையாவது அழுத்தச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. என்ன கேட்கிறது என்று தெரியாமல் ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லிவிட்டால், நாலு நாள் வேலை ஒரு நொடியில் போய்விடும்.

"புது கீபோர்டு வாங்கியாரேன்," என்று கணவர் எழுந்தார். "பத்து நிமிஷம், ஜல்தியா வந்துருவேன்."

"ஒரு நிமிஷம்," என்றேன். "இந்த மெஷின்ல வேற ஸ்க்ரீன் ஏதாவது மாட்டியிருந்தேளா?"

"பொம்பளையாளுக பக்கம் பாக்க வந்தா இந்த டிவியில போட்டுக் காட்டுவேன் சார்," என்று உள்ளிருந்து பதில் வந்தது. "அன்னைக்கு ஆம்பளையாளு யாரும் வீட்டுல இருக்க மாட்டாங்க."

"அந்தக் கேபிளை அப்பவே கழட்டிட்டேன் சார்," என்று சொல்லிக்கொண்டே கணவர் படியிறங்கினார். கதவைத் திறந்தே வைத்துவிட்டுப் போனார்.

பத்து நிமிஷம் காத்திருந்தால் போதும். என்னால் முடியவில்லை. எதிரில் இருந்த டிவியைப் பார்த்தேன். அதன் அடியிலிருந்து ஒரு கறுப்புக் கேபிள் சுவரோரமாக ஓடி, திரைச்சீலைக்கு அடியில் நுழைந்தது. கழட்டவில்லை. ரிமோட்டில் இணைப்பை மாற்றிவிட்டு, கழட்டிவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார் மனுஷன். கேபிள் இருக்கிறவரை கம்ப்யூட்டருக்கு இரண்டு திரை. அப்படியானால் அந்தப் பெட்டி எங்கே போய் உட்கார்ந்திருக்கும் என்று எனக்குப் பளிச்சென்று தெரிந்துவிட்டது. தெரிந்த சந்தோஷத்தில் கட்டில் மேலிருந்த ரிமோட்டை எடுத்து இணைப்பை மாற்றினேன்.

கேபிளைப் பிடுங்கியிருந்தால் போதும். பெட்டி தானாக அவருடைய திரைக்குப் போயிருக்கும். நான் எதையும் பார்த்திருக்க வேண்டியதே இல்லை. இது எனக்குத் தெரியாததல்ல. ஆபீஸில் பத்துப் பேருக்குச் சொல்லிக் கொடுத்ததுதான். ஆனால் பார்த்தே பழகிய கை, யோசிப்பதற்கு முன்னால் போய்விட்டது.

கிரிக்கெட் மறைந்து டிவி நிறைய ஆல்பத்தின் பக்கம் வந்தது. வந்தவர்களுக்குக் காட்டுவதற்காக அதே பக்கத்தை இன்னொரு விண்டோவாக டிவியில் திறந்து வைத்திருக்கிறார். இரண்டு பெண்கள். அதற்கு மேல் இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை. நடுவில், அவர்கள் மடியை மறைத்தபடி அந்தச் சின்னப் பெட்டி. மூடுவதற்கு முன் சேமிக்கட்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தது.

வாசல் திறந்திருந்தது. படியில் யாரோ ஏறிவரும் செருப்புச் சத்தம். நான் பாய்ந்து போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு டிவி முன்னால் நின்றேன். பந்தைத் தடுக்கிறவன் மாதிரி நின்றேனே தவிர, அந்த டிவியில் கால்வாசியைக் கூட நான் மறைத்திருக்க மாட்டேன். செருப்புச் சத்தம் நிற்காமல் மேல் மாடிக்குப் போய்விட்டது. கையை நீட்டிச் சுவர் ஸ்விட்சை அணைத்தேன். கேபிளைப் பிடுங்கினேன்.

"வந்துட்டு சார்!" உள்ளே குரல் துள்ளியது. "பெட்டி வந்துட்டு! மூணு பட்டன் இருக்கு!"

"மூணாவது. கேன்சல். அதை மட்டும் அமுக்குங்கோ."

டிங் சத்தம் வரவில்லை. பிறகு அவர் அழுவது கேட்டது. நான் பிளாஸ்டிக் நாற்காலியில் வந்து உட்கார்ந்தேன்.

"எல்லாம் சொன்ன பேச்சு கேக்குது சார். கலர்ப் பொட்டியை மூடுதோம்னு மேல இருக்கிற சிவப்புப் பெருக்கலை அமுக்கிட்டேன் போல. என் புத்தி." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "ஆனா ஒரே பக்கம் இப்போ ரெண்டா நிக்குதே?"

"ஒண்ணை மூடிடுங்கோ. ஒண்ணும் ஆகாது."

"எங்க போயி நின்னுச்சு சார் அந்தப் பொட்டி?"

"வெளியில. எங்கயோ," என்றேன்.

கணவர் புது கீபோர்டோடு வந்தார். விஷயம் தெரிந்ததும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். திரும்பிக்கூடப் பார்க்காமல் சரிசெய்துவிட்டேனாம். கேபிள் மாட்டியிருந்தது, நான்தான் எடுத்தேன் என்று மட்டும் சொன்னேன். சமோசா வாங்கிக்கொண்டு வந்திருந்தார். தின்றேன்.

திங்கட்கிழமை அவருக்கு எங்கள் ஆபீஸில் வேலையே இல்லை. இருந்தும் வந்து, என் மேஜையைச் சுற்றி இருந்தவர்களுக்கு ஹிந்தியில் கதை சொல்லிவிட்டுப் போனார். "பீச்சே முட்கே பி நஹி தேக்கா!" என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். திரும்பிப் பார்க்கவே இல்லை என்பது உண்மைதான். திரும்ப வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. இரண்டு நாள் எல்லோரும் என்னை ஒரு சித்தரைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

நானாகப் போய் உண்மையைச் சொன்னேன் என்று எழுதத்தான் ஆசை. அப்படி நடக்கவில்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் கணவரின் போனிலிருந்து அந்தப் பெண் கூப்பிட்டார்.

"சார், ஒண்ணு கேக்கேன். மறைக்காமச் சொல்லணும். கேபிளைக் கழட்டுன பொறவுதான என் பக்கம் ரெண்டாச்சு? அப்போ இன்னொண்ணு டிவியிலதான நின்னிருக்கும்?"

"ஆமாம்."

"நீங்க டிவிக்கு எதுக்கதான இருந்திய. பாத்தியளா?"

"பாத்துட்டேன்," என்றேன். ரிமோட்டை எடுத்தது, அணைத்தது, எல்லாவற்றையும் சொன்னேன். "ரெண்டு மூணு செகண்டுதான். தப்பு என்னோடது. மன்னிச்சுடுங்கோ."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பொண்ணோட உம்மாகிட்ட சொல்லியாகணும்," என்றார்.

எனக்குப் பதற்றம் வந்துவிட்டது. "எதுக்கு? நமக்கு ரெண்டு பேருக்குத்தானே தெரியும்? யார் கேக்கப் போறா? சொன்னா நாளைக்கு யாரும் உங்ககிட்ட படம் கொடுக்க மாட்டா."

"நாலு வீடு வராமப் போகும். தெரியும்," என்றார். குரல் உடைந்தது. "ஆனா இந்தச் சொல்லை நம்பித்தான சார் தாராங்க. நானே மறைச்சேன்னா, அப்பறம் என்கிட்ட என்ன இருக்கு?"

நானே வந்து அந்த அம்மாவிடம் சொல்கிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டார். கிட்டத்தட்ட என் மகள் வயசுப் பெண். அன்று எனக்கு வந்தது வெட்கம்தான், வேறு பெயர் சொல்லத் தெரியவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் வாஷி ஸ்டேஷனில் செம்பூர் வண்டிக்காக நின்றுகொண்டிருந்தபோது மறுபடி அதே நம்பர்.

"சார், அந்த உம்மா பக்கத்துல இருக்காங்க. உங்ககிட்ட பேசணுங்காங்க."

கூட்டத்தை விட்டு விலகி ஒரு தூணோரம் போய் நின்றேன். போனில் வந்தது களைத்துப்போன குரல். நாலு சொல்லுக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்கியது.

"நீங்கதான் பாத்தவுகளா?"

"ஆமாம்மா. வேணும்னு பண்ணலை. அந்தப் பொண்ணு மேல எந்தத் தப்பும் இல்லை, என் அவசரம்தான். என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன்."

"அது கெடக்கட்டும். நேத்து ராத்திரி பூரா எனக்கும் கோவந்தான். இப்போ நான் கேக்கிறதுக்குப் பதில் சொல்லுங்க. என்ன பாத்திய?"

பொய் சொல்ல இனி தெம்பு இல்லை. "கல்யாணப் பொண்ணு. பக்கத்துல அம்மா."

"அந்த அம்மாவைப் பாத்தா என்ன தோணுச்சு?"

கேள்வி எனக்குப் புரியவில்லை. "என்ன தோணறது? பொண்ணு அம்மா மேல சாஞ்சுண்டு இருந்தா. அம்மாவுக்குக் கண் கலங்கியிருந்தது. பொண்ணைக் கட்டிக் கொடுக்கற அம்மாவுக்கு இருக்கறதுதானே?"

"அந்த அம்மா கல்யாணத்துல இருந்தாங்களா?"

"இருந்தாங்களே. இது என்ன கேள்வி? பொண்ணு பக்கத்துலதானே உக்கார்ந்திருந்தா?"

எதிர்முனையில் விம்மல் கேட்டது. வண்டி வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. நான் என்ன தப்பாகச் சொன்னேன் என்று தெரியாமல் அப்படியே நின்றேன். பிறகு ஆல்பம் செய்யும் பெண்ணின் குரல் வந்தது.

"சார், கல்யாணத்தன்னைக்கு இவங்க ஆஸ்பத்திரியில கெடந்தாங்க. நெஞ்சுல ஆபரேஷன். நாள் குறிச்ச கல்யாணத்தைத் தள்ள வேண்டாம்னு இவங்கதான் பிடிவாதமாச் சொல்லி அனுப்பிட்டாங்க. வீட்டுக்கு வந்த பொறவு கல்யாணத்துக்குன்னு எடுத்த பொடவையைக் கட்டிவிட்டு, நானே போன்ல எடுத்து, பொண்ணு பக்கத்துல கொண்டாந்து வச்சேன். வெளிச்சம் சேரணும், நெழலு சேரணும், தோளு சேரணும். அதுக்குத்தான் நாலு நாளு."

நகைக்குப் பளபளப்பு என்று நான் நினைத்தது ஞாபகம் வந்தது.

"இவங்க வீட்டுப் பொம்பளையாளுக எல்லாரும் பாத்துட்டு நல்லாருக்குன்னாங்க. அவங்களுக்கெல்லாம் இது சேத்து வச்ச படம்னு முன்னாலயே தெரியுமே சார். தெரிஞ்சவங்க சொன்னா இவங்களுக்கு மனசு ஒப்பல. தெரியாத ஆளு ஒருத்தரு பாத்தா என்ன சொல்லுவாரு, நான் இருந்ததாத் தோணுமா தோணாதான்னு என்கிட்ட கேட்டுக்கிட்டே இருந்தாங்க. தெரியாத ஆளுக்கு நான் எப்படிக் காட்டுவேன்?"

போன் கை மாறியது. அந்த அம்மா அழுது முடித்திருந்தார். அல்லது என்னிடம் பேசுவதற்காக நிறுத்தியிருந்தார்.

"தம்பி, பொய் சொல்லலையே? எனக்காகச் சொல்லலையே?"

"இல்லைம்மா. இப்போ அந்தப் பொண்ணு சொல்லித்தான் எனக்கே தெரியும்."

"சரி." ஒரு மூச்சு வாங்கிக்கொண்டார். "பாத்தது பாத்ததாப் போச்சு. எம் மவ மொகம் எப்படி இருந்துச்சு, என்ன உடுத்திருந்தான்னு யாருகிட்டயும் பேசக் கூடாது."

"சத்தியமா பேச மாட்டேம்மா."

"அவ உம்மா பக்கத்துல இருந்தான்னு மட்டும் யாருகிட்ட வேணும்னாலும் சொல்லுங்க. நீங்க கண்ணால பாத்திருக்கிய."